சிங்கப்பூரில் 17 வயதுப் பிள்ளைகள் தங்க: உறவினர் வீடா, ஹாஸ்டலா, ஹோட்டலா?

சென்ற மே மாதம், பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு, என் மகளும் என் அண்ணன் மகளும் பெரியவர் துணையின்றித் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் போய் 5 இரவுகள் தங்கிவிட்டு வந்தார்கள். இருவருக்கும் 17 வயது. விமானச் சீட்டு எடுப்பதில் இல்லாத தலைவலி தங்குமிடத்தை முடிவு செய்வதில் இருந்தது. நாங்கள் கடைசியில் ஹோட்டல் அறையைத்தான் எடுத்தோம். மறுபடியும் அனுப்ப நேர்ந்தாலும் அதையே எடுப்பேன்.

வீடு வாடகைக்கு எடுக்கும் யோசனையைத் தொடக்கத்திலேயே தள்ளிவிடலாம். அங்கே தனியார் குடியிருப்பைக் குறைந்தது 3 மாதங்களுக்கும், வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டைக் குறைந்தது 6 மாதங்களுக்கும்தான் வாடகைக்கு விட முடியும் என்பதால், சில நாள் தங்க யாராவது வீடு தருவதாகச் சொன்னால் அது சட்டத்துக்குப் புறம்பானது. லிட்டில் இந்தியா, சைனாடவுன் பக்கங்களில் உள்ள ஹாஸ்டல்கள் மலிவுதான். ஆனால் நான் விசாரித்த இரண்டும் பொது அறைக் கட்டில்களை 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே தருவதாகச் சொல்லிவிட்டன. நானே அவ்வகை இடத்தில் தங்கியதில்லை என்பதால் அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

உறவினர் வீடுதான் உண்மையான போட்டி. ஜூரோங் வெஸ்டில் என் நாத்தனார் இருக்கிறார். செலவில்லை, சாப்பாட்டுக் கவலையில்லை. ஆனால் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். வந்த பிள்ளைகளைத் தனியே விடக்கூடாது என்று அவர் விடுப்பு எடுத்திருப்பார். பிள்ளைகளும் அத்தை வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை எண்ணி மரீனா பேயிலிருந்து பாதியிலேயே ரயிலேறியிருப்பார்கள். தனியாகப் போய்வரப் பழகட்டும் என்றுதானே அனுப்புகிறோம்!

ஹோட்டலில் பாதுகாப்பு, தூய்மை போன்றவை எல்லோரும் அறிந்தவை. வாடகையைப் பார்க்கும்போது ‘பிளஸ் பிளஸ்’ என்ற குறியை மட்டும் கவனிக்க வேண்டும்: 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்தால் காட்டிய தொகையைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது வரவேற்பு மேசைதான். சிங்கப்பூரில் பெரும்பாலான ஒப்பந்தங்களைத் தாமே செய்துகொள்ளும் வயது 2009இல் 21லிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. 17 வயதுப் பிள்ளை கையெழுத்திட்டு அறை எடுப்பதை ஹோட்டல்கள் விரும்பாததற்கு அதுவே காரணம். இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். மலிவாக இருக்கிறதே என்று, ரத்து செய்தால் பணம் திரும்பாத கட்டணத்தில் முதலில் ஓர் ஹோட்டலைப் பதிவு செய்துவிட்டு, பிறகு வயதைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். நிபந்தனைகளின் அடியில் வயது வரம்பு எழுதியிருக்கிறதே என்று ஒரு வரியில் பதில் வந்தது, பணம் வரவில்லை.

இரண்டாவது முறை, பதிவு செய்வதற்கு முன்பே மூன்று ஹோட்டல்களுக்கு எழுதிக் கேட்டேன். ஒன்று மட்டும், பெற்றோரின் ஒப்புதல் கடிதமும், அறையை எடுக்கும்போது நேரில் வந்து கையெழுத்திட ஒரு பெரியவரும் இருந்தால் போதும் என்றது. இரு பிள்ளைகளின் பாஸ்போர்ட் எண்கள், தங்கும் தேதிகள், எங்கள் கைப்பேசி எண்கள் ஆகியவற்றை எழுதி, நானும் என் அண்ணனும் கையெழுத்திட்டு, எங்கள் பாஸ்போர்ட் நகல்களையும் இணைத்து அனுப்பினோம். வந்த பதிலை அச்செடுத்து மகளின் கைப்பையில் வைத்தேன். மேசையில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைத் திறந்து பிறந்த தேதியைப் பார்த்தவுடன் “பெரியவங்க யாரு?” என்று தமிழிலேயே கேட்டாராம். நாத்தனார் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து நின்றிருந்தார்.

அப்போதும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. முன்வைப்பாக (டெபாசிட்) 150 சிங்கப்பூர் வெள்ளியை, அதாவது டாலரை, கடன் அட்டையில் நிறுத்தி வைக்க வேண்டும் என்றார்கள். மகளிடம் இருந்த, வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் அட்டையை ஏற்கவில்லை. என் வங்கியின் டெபிட் அட்டையையும் கொடுத்தனுப்பியிருந்தேன்; அதில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட மறந்திருந்தேன், தவிர அதில் என் பெயர் இருந்தது. நாத்தனார் தன் அட்டையைக் கொடுத்தார். அறையைக் காலி செய்து ஒன்பது நாள் கழித்துத்தான் அந்தத் தொகை விடுவிக்கப்பட்டது.

ஆக, உறவினர் வீட்டில் தங்காவிட்டாலும் உறவினர் ஒருவர் தேவைப்பட்டார் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஐந்து நாள் விருந்தோம்பலைக் கேட்பதற்கும் இரண்டு மணி நேரத்தைக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடுதான் என் தேர்வு. இது ஒரே ஊரில், ஒரே முறை, இரண்டு பெண் பிள்ளைகள் ஓர் அறையில் தங்கிய அனுபவம் மட்டுமே. அடுத்த விடுமுறையில் கோலாலம்பூர் போக வேண்டும் என்கிறான் 16 வயது மகன். அங்கே எங்களுக்கு யாரும் இல்லை. நான்கு ஹோட்டல்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், இரண்டு முடியாது என்றுவிட்டன.