டீப் ஆர்க்கைவ்: பழைய கல்யாண வீடியோக்களுக்கு ஏற்ற இடம்

கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். வேலை முடிந்த மூலப் பதிவுகளை அமேசான் எஸ்3 கிளேசியர் டீப் ஆர்க்கைவில் வைக்கிறேன். அரிதாகவே எடுக்கும் ஃபைல்களை இணையம் வழியாகச் சேமித்து வைக்கும் வாடகைச் சேவை இது. அமெரிக்காவில் உள்ள பெரும்பாலான தரவு மையங்களில் ஒரு டெராபைட்டுக்கு மாதம் சுமார் 1 டாலர்தான். கேட்டவுடன் கிடைக்காது, சாதாரண மீட்புக்கு 12 மணி நேரம் வரை, மலிவான மொத்த மீட்புக்கு 48 மணி நேரம் வரை ஆகும். தாத்தா தவறிவிட்டார், அவர் ஆசீர்வதித்த காட்சி வேண்டும் என்று வருபவர்களுக்காகவே இதையெல்லாம் காக்கிறேன். அவர்கள் ஒரு நாள் பொறுப்பார்கள்.

சின்னச் சின்ன ஃபைல்களாக ஏற்றாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் 40 கேபி கூடுதலாகக் கணக்கில் ஏறும். ஒரு கல்யாணத்தை ஒரே டார் ஃபைலாக (பல ஃபைல்களை ஒன்றாகச் சேர்த்த பொட்டலம்) கட்டி, செக்சம் (ஃபைல் சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்க உதவும் சரிபார்ப்பு எண்) குறித்துவைத்து ஏற்றுங்கள். 180 நாளுக்குள் அழித்தாலும் அந்தக் காலம் முழுவதற்கும் கட்டணம் உண்டு. அப்புறம், மீட்டதை நம் கணினிக்கு இறக்கத் தனிக் கட்டணம். பெரிய பதிவென்றால் மாத வாடகையைவிட அது பல மடங்கு. வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.