போர்வெல் மோட்டார் தூக்கும் வண்டியை அழைக்கும் முன் இதைப் படியுங்கள்: 47,000 ரூபாய் பறிகொடுத்தேன்

கை இன்னும் நடுங்குகிறது. ஆறப்போட்டால் எழுதமாட்டேன், அதனால் இன்றே எழுதுகிறேன்.

பெங்களூரு கே.ஆர்.புரம் பக்கம் எங்கள் வீடு. கீழே நாங்கள், மேலே மூன்று குடித்தனங்கள், எல்லோருக்கும் ஒரே போர்வெல். சென்ற மாதம் மோட்டார் நின்றுவிட்டது. 2024 கோடையில் 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் டேங்கருக்கு 1,000 ரூபாய் என்று அரசு விலை வைத்தும், அந்த விலைக்கு எங்கள் தெருவில் ஒரு வண்டி நுழையவில்லை. அந்தப் பயம் போகவில்லை. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் கண்ணில் பட்ட முதல் ஆளை அழைத்தேன்.

காலை எட்டு மணிக்கு வண்டி வந்தது. பின்னால் இரும்புக் கம்பம், கம்பிக் கயிறு, அதைச் சுற்றி இழுக்கும் வின்ச். வந்தவன் தமிழில் பேசினான். "எங்கள் பூர்வீகம் திருச்செங்கோடு, அண்ணா" என்றான். போர்வெல் என்றால் திருச்செங்கோடு என்று நாடே சொல்லும். அந்த ஒரு சொல்லில் விழுந்தேன். காபி கொடுத்தேன்.

ஒவ்வொரு பைப்பாக மேலே வந்தது. போர்வெல்லின் வாயில் கிளாம்ப் போட்டு நிறுத்தி, ரெஞ்சால் கழற்றி, சுவரோரம் அடுக்கினார்கள். நான் எண்ணினேன்: 42 பைப், ஒன்று 20 அடி, மொத்தம் 840 அடி. மோட்டார் வந்ததும் அவன் அதை என் முகத்தருகே கொண்டுவந்து, "முகர்ந்து பாருங்கள் அண்ணா, உள்ளே கம்பிச்சுருள் கருகிவிட்டது" என்றான். எனக்குச் சேற்று வாடைதான் வந்தது. ஆனாலும் தலையாட்டினேன். புது மோட்டாருக்கு 38,000, தூக்கி இறக்க 9,000. மொத்தம் 47,000 ரூபாய். அங்கேயே அனுப்பிவிட்டேன். பழைய மோட்டாரைக் கழிவு என்று அவனே வண்டியில் ஏற்றிக்கொண்டான்.

மறுநாள் இறக்கும்போது, "நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள் அண்ணா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றான். அங்கேயே நில்லுங்கள் என்று மனைவி சொன்னாள். நான் போனேன்.

பதினோரு நாள் ஓடியது, பிறகு நின்றது. அழைத்தால், முதலாளி ஊருக்குப் போயிருக்கிறார் என்றான். அடுத்த நாள், நிலத்தடி நீர் இறங்கிவிட்டது, அதற்கு நான் என்ன செய்வேன் என்றான். பிறகு தொலைபேசி அணைந்தே கிடக்கிறது. செயலிக்காரர்களோ, "நாங்கள் அறிமுகம் செய்துவைப்பவர்கள் மட்டுமே" என்று ஒரே வரியை நான்கு முறை அனுப்பினார்கள். 47,000 ரூபாய்க்கு அந்த ஒரு வரிதான் பதில்.

நேற்று வேறு வண்டி வந்து தூக்கியது. 38 பைப்தான் வந்தது. நான்கு பைப்பைத் திருடியதால் மோட்டார் 80 அடி மேலேயே தொங்கியிருக்கிறது. நீர்மட்டம் இறங்கியதும் தண்ணீரில்லாமல் ஓடிக் கெட்டிருக்கிறது. புது நீலப் பெயின்டைச் சுரண்டினால் உள்ளே பழைய பெயின்ட். மோட்டார் தகட்டில் இருந்த வரிசை எண்ணைத் தேய்த்து அழித்திருக்கிறார்கள். வந்த பெரியவர் சுவரோரம் கிடந்த ஒயர்த் துண்டை எடுத்தார். முதல் நாள் அவன் வெட்டிப்போட்டது. டேப்பைப் பிரித்தார், உள்ளே செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. "தண்ணீர் ஒயர் ஜாயின்ட்டில் புகுந்திருக்கிறது. உங்கள் மோட்டார் நன்றாகத்தான் இருந்திருக்கும்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். வண்டி அழைப்பவர்களுக்கு நிறையச் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. தூக்கும் முன் சுவிட்ச் இருக்கும் பேனல் போர்டிலேயே, மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களையும் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பழைய மோட்டாரை வண்டியில் ஏற்ற விடாதீர்கள். தகட்டில் உள்ள எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வரும்போது எண்ணியது போலவே இறங்கும்போதும் பைப்பை எண்ணுங்கள், ஒரு நிமிடம்கூட நகராதீர்கள். பில் இல்லாமல் பணம் வேண்டாம்.

வாசலில் டேங்கர் வந்து ஹாரன் அடிக்கிறது. குழாய் பிடிக்கப் போகிறேன்.