பிஎஸ்4 கேம் 'பிரைமரி அக்கவுண்ட்' வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்

650 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஏமாந்த விதம் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

2005ல் வந்த 'காட் ஆஃப் வார்' கேமின் முதல் பாகத்தை நண்பன் வீட்டு பிஎஸ்2வில் (பிளேஸ்டேஷன் 2 கன்சோல்) முறைவைத்து ஆடியவன் நான். கிரேக்கக் கடவுள்களை வரிசையாகக் கிழித்துப் போடும் அதன் நாயகன் க்ரேட்டோஸை 2018ல் தாடியும் மகனுமாக வடதேசப் பனிக்காட்டில் கொண்டுபோய் விட்டு, தொடரையே புதிதாகத் தொடங்கினார்கள். வேலை, குடும்பம் என்று அதெல்லாம் விட்டுப்போச்சு. இந்த வருடம்தான் பழைய பிஎஸ்4 ஒன்று கைக்கு வந்தது. டிஸ்க் தேடும்போது கண்ணில் பட்டது அந்த விளம்பரம்: 'காட் ஆஃப் வார், பிரைமரி, லைஃப்டைம் வாரண்டி, ரூ.650.'

டிஸ்க் இல்லை; அந்தக் கேமை டிஜிட்டலாக வாங்கிவைத்திருக்கும் வேறொருவரின் அக்கவுண்டை நம் கன்சோலில் போட்டுக்கொள்வது. மெசேஜ் போட்டேன். "ஜிபே பண்ணிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க ப்ரோ, அஞ்சு நிமிஷத்துல ஐடி வரும்." வந்தது. விற்பவரின் அக்கவுண்டை என் கன்சோலில் சேர்த்து, என் கன்சோலையே அதன் பிரைமரி (முதன்மைக் கன்சோல்) ஆக்கி, டவுன்லோடு போட்டு, அப்புறம் என் அக்கவுண்டிலிருந்தே ஆடலாம். எல்லாம் சொன்னபடி நடந்தது. அதுதான் வினை.

கேமைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய பாகங்களில் கேமரா எங்கோ தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். இதில் தோளுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது, கடைசிவரை ஒரு காட்சி வெட்டுகூடக் கிடையாதாம். தாவுவதற்குத் தனி பட்டனே இல்லை! முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. கோடரியை வீசி முக்கோண பட்டனை அழுத்தினேன். அது சுழன்று வந்து க்ரேட்டோஸ் கையில் 'தட்'டென்று உட்கார்ந்தபோது என் கையிலிருந்த கன்ட்ரோலரும் அதிர்ந்தது. எரிச்சல் போயே போச்சு. வெறும் சுவரில் பத்து நிமிஷம் வீசிக்கொண்டிருந்தேன். மான் வேட்டையில் பையன் அவசரப்பட்டு அம்பை விட்டுக் குறி தவறுகிறான், அப்பன் அதட்டுகிறார். பின்னால் அவனைத் தட்டிக்கொடுக்கக் கையை நீட்டிவிட்டு, தொடாமலே இழுத்துக்கொள்வார். பழைய க்ரேட்டோஸுக்கு இதெல்லாம் வருமா?

ஏரியில் உலகப் பாம்பு தலை தூக்கி, தண்ணீர் மட்டம் மடமடவென்று இறங்கியது. அந்த இடத்தில் சேவ் பண்ணிவிட்டுப் படுத்தேன். மறுநாள் கேம் படத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு பூட்டு.

சூட்சுமம் இதுதான். ஒரு அக்கவுண்டுக்கு ஒரே ஒரு பிஎஸ்4தான் பிரைமரியாக இருக்க முடியும். நம்மிடம் விற்றுவிட்டு, கொஞ்ச நாள் கழித்து எல்லாக் கன்சோலையும் மொத்தமாக டீஆக்டிவேட் செய்துவிட்டு (பிரைமரியிலிருந்து நீக்கிவிட்டு), அதே கேமை அடுத்த ஆளுக்கு விற்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அப்படிச் செய்ய வசதி இருக்கிறது. 'லைஃப்டைம்' என்றால் யாருடைய லைஃப் என்று நான் கேட்டிருக்க வேண்டும். 'செகண்டரி' என்று, நம் கன்சோலைப் பிரைமரி ஆக்காமலே விற்பது இதைவிட மோசம்: நெட் இல்லாமல் ஆட முடியாது, விற்றவர் அக்கவுண்டிலேயேதான் ஆட வேண்டும். பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் நீங்கள் ஆடிச் சேர்த்த டிராஃபி எல்லாம் அவருக்குச் சொந்தம்.

எனக்கு விற்றவரிடம் கேட்டதற்கு, "சர்வர் இஷ்யூ ப்ரோ, டூ டேஸ்" என்றார். மூன்றாம் நாள் பிளாக். அக்கவுண்டை விற்பதும் பகிர்வதும் விதிப்படியே தவறு என்பதால் கம்பெனியிடம் போய் நிற்கவும் வழியில்லை. சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் போட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். பணம் வரும் என்று நம்பிக்கை இல்லை, அந்த ஆளின் நம்பராவது பதிவில் இருக்கட்டும்.

வாங்குவதானால் பழைய டிஸ்க்கே வாங்குங்கள். நேரில் போய், கன்சோலில் போட்டுப் பார்த்து, அப்புறம் காசு கொடுங்கள். கையில் இருக்கும் டிஸ்க்கை எவனும் எங்கோ உட்கார்ந்துகொண்டு பூட்ட முடியாது.

நானும் கடைசியில் அதைத்தான் செய்தேன். என் சேவ் பத்திரமாக இருந்தது, ஆனால் இந்த டிஸ்க் அதை ஏற்கவில்லை. அந்த ஆள் தந்தது வேறு நாட்டு அக்கவுண்ட். நாட்டுக்கு நாடு பதிப்பு வேறாம், ஒன்றின் சேவ் இன்னொன்றில் ஏறாது. மறுபடி முதலிலிருந்து. பொன்னிறக் கை அடையாளம் போட்ட மரத்தை க்ரேட்டோஸ் வெட்டிக்கொண்டிருந்தபோது, துணி மடித்துக்கொண்டே மனைவி கேட்டாள்: "இந்த மரத்தை அன்னைக்கே வெட்டியாச்சே?"