பல்லடம் சாலையில் கம்பஞ்சோற்றுக் கடை

திருப்பூர் பல்லடம் சாலையோரம் ஓர் அக்கா நடத்தும் தள்ளுவண்டிக் கடை இது. கம்பஞ்சோற்று உருண்டையை மோரில் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுத் தருகிறார். தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல், கொள்ளுப் பருப்பு. கம்பை நைசாக அரைப்பதில்லை. குருணை பல்லில் தட்டுப்படும். அதுதான் ருசி.

எங்களைப் போன்ற பனியன் கம்பெனிப் பெண்களுக்கு இந்தக் கடை ரொம்ப அவசியம். கம்பு, கீரை, கொள்ளு மூன்றிலும் மலச்சிக்கலைக் குறைக்க உதவும் நார்ச்சத்து இருக்கிறது. நாள் முழுக்க ஓவர்லாக் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே வேலை. பாத்ரூமுக்கு சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்க மாட்டோம், வருவதையும் அடக்குவோம். மலச்சிக்கல் வராமல் என்ன செய்யும்? வாரத்தில் 3 முறைக்கும் குறைவாகப் போனாலே மலச்சிக்கல்தான். உலகில் பெரியவர்களில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் கூடுதல். கர்ப்பம், தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவையும் காரணமாகலாம். மலத்தில் ரத்தம் தெரிந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

அக்காவிடம் எனக்குப் பிடித்தது, சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு, "சோறு மட்டும் பத்தாது கண்ணு, தண்ணி நல்லாக் குடிக்கோணும்" என்று நின்று குடிக்க வைப்பது. நார்ச்சத்துக்குத் தண்ணீர் வேண்டும், சரியாகத்தான் சொல்கிறார். கொள்ளில் மட்டும் உப்பு தூக்கல். அப்புறம், மதியம் லேட்டாகப் போனால் கீரை தீர்ந்துவிடும்.