'50,000 ஸ்ட்ரீம் எடுத்துத் தாறேன்' என்று யாராவது வந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் எலக்ட்ரானிக் மியூசிக் செய்கிற தம்பி தங்கைகள் நம் குமரி மாவட்டத்தில் இப்போது நிறையப் பேர் இருக்கிறீர்கள். மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் பக்கமிருந்து எனக்கே அவ்வப்போது யாராவது பாட்டு அனுப்பிக் கேட்கச் சொல்கிறார்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு 11,500 ரூபாய் போனது. பணத்தைக்கூட விடுங்கள். நான் ஆசை ஆசையாகச் செய்த ஒரு பாட்டு நான்கு மாதம் என் கையை விட்டுப் போனது. அது போதாதென்று, முகம் தெரியாத ஒரு பையனுடைய பாட்டுக்கும் அதனால் கேடு வந்தது.

முதலில் அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவட்டார் பக்கம் என் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு. உறைந்த ரப்பர் பாலை ரோலரில் கொடுத்து ஷீட் அடிப்பதை நம் ஊரில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். கைப்பிடியைச் சுற்றும்போது பல்சக்கரம் 'கர்ர் கட்' என்று ஒரு சத்தம் போடும். பிறகு தண்ணீர் பிழிந்து கீழே 'சளக்' என்று விழும். சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தம் எனக்குள் ஒரு தாளமாகவே கிடந்தது. ஒருநாள் காலையில் ரோலருக்குப் பக்கத்துப் பலகையில் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் போனை வைத்துப் பதிவு செய்தேன். துண்டு போடாவிட்டால் பலகையின் அதிர்வு பதிவில் ஏறி, கீழ் சத்தம் முழுக்கக் குழம்பிவிடும். ஒரே ஒரு சுற்றை மட்டும் வெட்டியெடுத்து, சுருதியை ஐந்து செமிடோன் இறக்கி, வேகத்தை 112 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 112 தட்டு) வைத்தபோது அது தானாகவே ஒரு கிக் டிரம் மாதிரி விழுந்தது. சிரட்டையைச் சிரட்டையில் தட்டி ஹை-ஹேட் என்கிற சிம்பல் சத்தம் செய்தேன். கீழ்ச் சுருதியில் ஓடும் பேஸ் சத்தத்தை, வைட்டல் என்ற இலவச சிந்தசைசர் மென்பொருளில் செய்தேன். நடுவில் எட்டு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) மட்டும், யாரும் பணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று கொடுக்கப்பட்ட ஒரு சாம்பிள் பேக்கிலிருந்து, அதாவது ஒலித் துண்டுகளின் தொகுப்பிலிருந்து, திரும்பத் திரும்ப ஓடும் ஒரு டிரம் லூப் போட்டேன். இந்த லூப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பகலில் தக்கலையில் ஒரு கடையில் வேலை, இரவில்தான் இது. இரண்டரை மாதம் ஆனது. முடித்து யூடியூபில் போட்டேன், இன்ஸ்டாகிராமில் 40 விநாடி வெட்டிப் போட்டேன். நம் ஆட்கள் கேட்டார்கள், சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் அந்த மெசேஜ் வந்தது. "தம்பி, டிராக் கேட்டேன். இதை இப்படிச் சும்மா விடக்கூடாது." நாகர்கோவிலில் மியூசிக் லேபிள், அதாவது பாட்டு வெளியிடும் கம்பெனி, நடத்துவதாகச் சொன்னார். வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். விசிட்டிங் கார்டு, லேப்டாப், மேலே மேலே ஏறுகிற கிராஃப் எல்லாம் காட்டினார். பேச்சும் நல்ல மரியாதையான பேச்சு. எல்லாத் தளத்திலும் ஏற்றுவதற்கு 3,000 ரூபாய், பிளேலிஸ்டில் போட்டு 50,000 ஸ்ட்ரீம் (ஒருவர் இணையத்தில் ஒரு தடவை பாட்டைக் கேட்பது ஒரு ஸ்ட்ரீம்) எடுத்துத் தருவதற்கு 8,500 ரூபாய். "லாகின் எனக்குத் தருவீங்களாண்ணே?" என்று கேட்டேன். "அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும் மக்கா, நீ மியூசிக்ல மட்டும் கவனம் வை" என்றார். நம் ஊரில் ஒருவர் 'மக்கா' என்று கூப்பிட்டுவிட்டால் மனம் இளகிவிடுகிறது. அன்று இரவே ஜிபேயில் பணம் அனுப்பினேன். பாட்டின் வேவ் ஃபைலையும், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக இருக்கும் ஸ்டெம்களையும் அனுப்பினேன்.

பாட்டு ஏறியது. இரண்டாவது வாரத்திலேயே 38,000 ஸ்ட்ரீம். வீட்டில் அம்மாவிடம்கூடக் காட்டினேன். ஆனால் பாட்டு கேட்கும் தளமான ஸ்பாட்டிஃபையில் என் ஆர்ட்டிஸ்ட் பக்கத்தை நானே உரிமை கேட்டு எடுத்து, உள்ளே போய்ப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. கேட்டவர்கள் மொத்தம் 212 பேர். அப்படியென்றால் ஒருவர் கிட்டத்தட்ட 180 தடவை கேட்டிருக்க வேண்டும். பாட்டைச் சேமித்து வைத்தவர் ஒருவர்கூட இல்லை. கேட்ட ஊர் என்று பார்த்தால், எனக்கு ஒரு ஆளும் தெரியாத வெளிநாட்டு நகரம் ஒன்றுதான் மேலே நிற்கிறது. நாகர்கோவிலோ திருவனந்தபுரமோ பட்டியலிலேயே இல்லை. மனுஷர் கேட்டால் இப்படி இருக்காது. பத்துப் பேர் கேட்டால் ஒருவராவது சேமிப்பார், ஒருவராவது உங்கள் வேறொரு பாட்டைத் திறந்து பார்ப்பார்.

இது எப்படி நடக்கிறது என்றால், 30 விநாடி ஓடினாலே ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கு. அதனால் நிறையக் கணக்குகளை உண்டாக்கி, நிரல் வைத்து, அரை நிமிடம் தாண்டியதும் அடுத்தது அடுத்தது என்று ஓட்டுகிறார்கள். 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமாவது தொட்டால்தான் அதற்கு ராயல்டி கணக்கே தொடங்கும் என்று ஸ்பாட்டிஃபை விதி வைத்தது. புதிதாகச் செய்கிறவர்களுக்கு அந்த ஆயிரம் பெரிய மலையாகத் தெரிகிறது. இந்த ஆட்கள் கை வைப்பதும் அந்தப் பதற்றத்தில்தான். ஆனால் அதே ஆண்டில்தான், அப்பட்டமான போலி ஸ்ட்ரீம் கண்டுபிடிக்கப்பட்டால் பாட்டுக்கு இவ்வளவு என்று லேபிளிடமும், பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டரிடமும் அபராதம் வாங்கும் முறையும் வந்தது. இதை அவர் எனக்குச் சொல்லவே இல்லை.

ஆறாவது வாரம் பாட்டு தளத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. போன் செய்தால், "ஃபைன் போட்டுட்டாங்க, நீ ஒரு 4,000 போட்டா திரும்ப ஏத்திரலாம்" என்றார். நான் போடவில்லை. அதற்குப் பிறகு என் போனை அவர் எடுக்கவும் இல்லை.

சரி, பணம் போனது போகட்டும் என்று இருந்தேன். அப்புறம்தான் பெரிய அடி விழுந்தது. என் அத்தை மகன் ஊர்க் கொடை விழாவை வீடியோ எடுத்து, பின்னணிக்கு என் பாட்டைத்தான் போட்டிருந்தான். "மக்கா, உன் பாட்டுக்கு வேற எவனோ கிளெய்ம் போட்டிருக்கான். விளம்பரக் காசு அவனுக்குப் போவுமாம்" என்று கூப்பிட்டான். திறந்து பார்த்தால் என் சொந்தச் சேனலில், நானே ஏற்றிய என் பாட்டின்மேலும் அதே கிளெய்ம், அதாவது உரிமை கோரல்.

யூடியூபில் 2007 முதல் கன்டென்ட் ஐடி என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு பாட்டின் ஒலியை அதில் ஒப்படைத்துவிட்டால், புதிதாக ஏறுகிற வீடியோக்களையும் ஏற்கெனவே இருக்கிறவற்றையும் அது அந்த ஒலியோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் ஒப்படைத்தவர் பேரில் கிளெய்ம் போடும். முழு உரிமையும் தன்னிடமே உள்ள ஒலியைத்தான் அதில் கொடுக்கலாம். ஊருக்கெல்லாம் பொதுவாகக் கிடைக்கும் லூப் இருந்தால் கொடுக்கக் கூடாது. அந்த ஆள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தன் லேபிள் பேரில், அந்த எட்டு பார் லூப்போடு சேர்த்தே முழுப் பாட்டையும் கொடுத்துவிட்டார்.

அதன் விளைவு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது. கோழிக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தான். மலையாளத்தில்தான் எழுதியிருந்தான், நம் ஊர்க்காரர்களுக்கு அது கஷ்டமில்லையே. அவனும் அதே பேக்கிலிருந்து அதே லூப்பை எடுத்து ஒரு பாட்டு செய்திருக்கிறான். அவன் பாட்டின்மேல் என் பாட்டின் பேரில் கிளெய்ம் விழுந்திருக்கிறது. 'சேட்டா, நான் ஒன்றும் திருடவில்லை, ஏன் இப்படிச் செய்தீர்கள்?' என்று கேட்டிருந்தான். அதைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாமல், கண் எரிய எரிய ஒரு ஸ்னேர் டிரம் சத்தத்தைச் சரிசெய்கிற இன்னொரு பிள்ளை அவன். அவன் கண்ணுக்கு நான் ஒரு அபகரிப்புக்காரனாகத் தெரிந்திருக்கிறேன்.

அன்றே அவனுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்தேன். இதே சிக்கலில் நீங்கள் இருந்தால் இது உதவும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

லேபிள்காரரைத் துரத்தி நேரத்தை வீணாக்காதீர்கள். அவருக்கு மேலே, பாட்டை உண்மையில் தளங்களுக்கு அனுப்பிய டிஸ்ட்ரிப்யூட்டர் யாரென்று பாருங்கள். யூடியூபில் உங்கள் பாட்டுக்குத் தானாக உருவாகும் வீடியோ ஒன்று இருக்கும். அதன் கீழே உள்ள விவரத்தில் முதல் வரியே இன்னார் யூடியூபுக்கு வழங்கியது என்று அந்தப் பெயரைச் சொல்லிவிடும். அந்த நிறுவனத்தின் பதிப்புரிமைப் புகார் மெயிலுக்கு நான் அனுப்பியவை இவை: ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்து வைத்த படங்கள், ரோலர் சத்தத்தின் முதல் பதிவு அதன் தேதியோடு, நான் முன்பே யூடியூபில் ஏற்றிய நாள், அவரோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, லூப் எந்தப் பேக்கில் இருக்கிறது என்ற விவரம்.

என்னைக் காப்பாற்றியது ஒன்று உண்டு. நான் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கொடுப்பவரின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். வாட்ஸ்அப்பில் 'சரிண்ணே' என்று சொன்னதால் பாட்டு அவருடையது ஆகிவிடாது. இதையும் மெயிலில் எழுதினேன். யாராவது தாள் நீட்டினால் வீட்டுக்கு எடுத்துவந்து, விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். எவ்வளவு காலத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு, உங்களுக்கு என்ன பங்கு என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு பக்கம் யூடியூபிலும் கிளெய்மை மறுத்தேன், அத்தை மகனையும் கோழிக்கோட்டுப் பையனையும் மறுக்கச் சொன்னேன். மறுத்ததும் எதிர்த் தரப்புக்கு 30 நாள் அவகாசம். அதற்குள் பதில் இல்லாவிட்டால் கிளெய்ம் தானாக விலகும். கிளெய்ம் விழுந்த ஐந்து நாளுக்குள் மறுத்துவிட்டால் முதல் நாளிலிருந்தே வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும் என்பதால், பார்த்த உடனே செய்துவிடுங்கள். எங்கள் மூன்று பேருக்கும் கிளெய்ம் விலகியது. டிஸ்ட்ரிப்யூட்டரிடமிருந்து ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது, பாட்டை அந்த லேபிள் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பணத்துக்காக சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கும் அழைத்தேன், சைபர் க்ரைம் இணையதளத்திலும் புகார் பதிந்தேன். அழைப்பதற்குள் இரண்டு மாதம் ஆகியிருந்தது. இந்த மாதிரிப் பண மோசடிக்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குத்தான் பணத்தை இடையில் நிறுத்த வழி உண்டு. என் கையில் புகார் எண் மட்டும் இருக்கிறது.

போலி ஸ்ட்ரீமை விடுங்கள், அவர் காசு வாங்கிய மற்ற வேலை எல்லாம் நாமே செய்துகொள்ளக் கூடியது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், ரூட்நோட் என்று பாட்டு ஏற்றுகிற இடங்கள் பல உண்டு. வருடக் கட்டணம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், முன்பணம் இல்லாமல் வருமானத்தில் பங்கு எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். எதுவானாலும் கணக்கு உங்கள் மெயிலில், உங்கள் போன் எண்ணில், உங்கள் பேங்க் விவரத்தோடு இருக்கட்டும். உங்கள் பாட்டுப் பதிவின் அடையாளமான 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போது கன்டென்ட் ஐடி வேண்டுமா என்று கேட்டால், பொது லூப் ஒன்று இருந்தால்கூட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கோழிக்கோட்டுப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபையின் சொந்த ஆசிரியர் குழு பிளேலிஸ்டுகளுக்குப் பாட்டை முன்வைக்கக் காசே கிடையாது. வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்னதாக உங்கள் ஆர்ட்டிஸ்ட் பக்கத்திலிருந்து அனுப்பினால் போதும். அதில் காசுக்கு இடம் வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் பொய். ஸ்டெம்களை யாருக்கும் சும்மா கொடுக்காதீர்கள். மிக்ஸிங் செய்கிறவருக்கு அவை தேவை, ஏற்றுகிறவருக்குத் தேவையே இல்லை.

ரோலர் பாட்டைப் போன மாதம் என் சொந்தக் கணக்கில் மறுபடி ஏற்றினேன். அந்த எட்டு பார் லூப்பை எடுத்துவிட்டு, பெரியப்பாவின் ரப்பர் புரையில் (கொட்டகையில்) வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிப் பதிவு செய்ததை வைத்தேன். இதுவரை 340 ஸ்ட்ரீம். நாகர்கோவில், தூத்துக்குடி, துபாய், கோழிக்கோடு என்று ஊர்கள் தெரிகின்றன. சேமித்தவர்கள் 29 பேர்.

அந்த ஆளின் பழைய எண் இப்போது அணைந்து கிடக்கிறது. ஆனால் அதே கிராஃப் படத்தோடு, வேறு லேபிள் பேரில், போன வாரம் குளச்சலில் ஒரு தம்பிக்கு மெசேஜ் வந்திருக்கிறது. இந்தத் தடவை 6,000 ரூபாய் கேட்டிருக்கிறார். அவன் பணம் அனுப்பும் முன் என்னைக் கூப்பிட்டான். உங்களுக்கும் அப்படி ஒரு படம் வந்தால் எனக்கு அனுப்புங்கள், என்னிடம் இருப்பதோடு வைத்துப் பார்த்து அன்றே சொல்கிறேன்.