சேலத்தில் அம்மாவின் தைராய்டு ரிப்போர்ட்

டொராண்டோவிலிருந்து ஊருக்கு வந்த மூன்றாம் நாள், அஸ்தம்பட்டி வீட்டுக்கே காலை ஆறரைக்கு ஆள் வந்து அம்மாவுக்கு ரத்தம் எடுத்துப் போனார். டாக்டர் சீட்டு கேட்கவில்லை. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். அங்கே டாக்டர் எழுதித் தராமல் எனக்கு இதே டெஸ்ட் நடக்காது. இந்த வசதி எனக்கு மனதாரப் பிடித்தது.

ஆனால் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு கூடினால் இது இறங்கும், குறைந்தால் ஏறும்) 0.08, ஃப்ரீ டி4 (ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோன்) 2.6. கனடாவில் எனக்கு டி4 14, 15 என்று வரும். அலகு வேறு, இங்குள்ள 1 அங்கே கிட்டத்தட்ட 13. அப்படி மாற்றிப் பார்த்தாலும் அம்மாவுடையது தைராய்டு கூடிப்போனவர்களின் கணக்கு. பக்கத்து கிளினிக்கில் காகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு, தைராய்டு குறைவுக்கு அம்மா சாப்பிடும் 75 மைக்ரோகிராம் மாத்திரையை 50 ஆக்கச் சொன்னார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கூடியிருந்தால் படபடப்பு, வியர்வை, எடை குறைவு இருக்க வேண்டும். அம்மாவுக்கோ முகம் உப்பியிருந்தது, மலச்சிக்கல், எந்நேரமும் தூக்கம். ஏற்காட்டில் சித்தி வீட்டுக்குப் போனபோது மத்தியான வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

ஐந்து ரோடு பக்கம் ஒரு ஹார்மோன் டாக்டரிடம் போனோம். நாடி பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், அப்புறம் கேட்டார்: "வேற என்ன மாத்திரைம்மா சாப்பிடறீங்க?"

"முடி கொட்டுதுன்னு பொண்ணு வாங்கிக் கொடுத்ததுங்க."

போன தடவை நான் கொண்டுவந்த பயோட்டின் என்ற வைட்டமின், 10 மில்லிகிராம். பல கருவிகள் ஹார்மோனைப் பிடித்து அளக்க பயோட்டினையே பசைபோலப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் அந்தப் பிடி கெட்டு, டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் தெரியும். அமெரிக்க மருந்துத் துறை 2017-லேயே இதை எச்சரித்திருக்கிறது. ரத்தம் எடுக்க வருபவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நானும் டப்பாவைக் காட்டியிருக்க வேண்டும்.

பயோட்டினை இரண்டு நாள் நிறுத்தினாலே பெரும்பாலும் போதுமாம். நாங்கள் ஒரு வாரம் விட்டு மறுபடி எடுத்தோம். டிஎஸ்ஹெச் 7.4! அம்மாவுக்குத் தைராய்டு கூடவில்லை, குறைவுதான். மாத்திரை 50 ஆகவில்லை, 88 ஆனது. அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி. கால்சியம் மாத்திரை ராத்திரிக்கு. இத்தனை நாளும் காப்பியோடுதான் விழுங்கியிருக்கிறார்.

அடுத்த டெஸ்ட் ஆறு வாரம் கழித்து. நான் அப்போது இங்கே இருக்க மாட்டேன். காலண்டரில் தேதியை வட்டமிட்டு, கூட்டிப்போகச் சொல்லி சித்தியிடம் கேட்டிருக்கிறேன்.