பதிவேடா, பத்திரமா?

களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் 19-ஆம் நூற்றாண்டு முன்னோரைத் தேடுவோர் முதலில் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டையே கேட்பார்கள். அதில் பெற்றோர் பெயர் கிடைக்கலாம். ஆனால் மதம் மாறியபோது பெயரும் மாறியிருந்தால் தடம் அங்கேயே அறுந்துவிடும்.

என் ஓட்டு பழைய நிலப் பத்திரத்துக்கே. படிக்கப் பாடுபட வேண்டும், உண்மைதான்: திருவிதாங்கூர்க் காலத்து மலையாள எழுத்து, கொல்லம் ஆண்டு என்ற கேரளத்து ஆண்டுக் கணக்கு. 1050 என்றிருந்தால் 1874-75. யார் யாருக்கு உறவு என்பதிலும் அவசரம் கூடாது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் 1926-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை மருமக்கள்வழி முறையே, அதாவது சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறையே நடந்தது. சொத்து பெற்றவரை மகன் என்று எழுதிவிடாதீர்கள், அவர் சகோதரியின் மகனாக இருக்கலாம். பெண்களின் பெயரும் இத்தகைய குடும்பப் பத்திரங்களில் வரும்.